உப்பை நிறுத்தச் சொன்னவன்

அந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அதை நீட்டியது ஷூ கம்பெனி அக்கா. வாரமெல்லாம் ஆம்பூர்ப் பக்கம் கம்பெனியில் தையல் மிஷின். ஞாயிற்றுக்கிழமை பாலாற்றோரம் தன் அரை ஏக்கர். தொண்ணூறுகளின் கடைசியில், சிறு விவசாயிகளை ரசாயன உரத்திலிருந்து எருவுக்கும் தழைக்கும் திருப்புகிற வேலையில் நான் அந்த ஊருக்குப் போனேன். ஒன்பதாவதோடு நின்றவன், ஜனங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் படித்தேன். 'எரு சார்' என்று பெயர் வைத்தார்கள்.

யூரியா முதல் எல்லா ரசாயன உரத்துக்கும் எங்கள் பக்கம் 'உப்பு' என்றுதான் பேச்சு. ஜனங்கள் பாஷையிலேயே பேசுகிறேன் என்ற பெருமையில், முதல் கூட்டத்தில், "இனிமே நெலத்துல உப்பு போடறத நிறுத்துங்க" என்றேன். பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள்.

"நாங்க எங்க சார் போடறோம்? கெணத்துல அதுவா வருது. போய் தோல் ஷாப்புல சொல்லு."

நானும் சிரித்தேன். புரிந்தா சிரித்தேன்? தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்புக் கழிவு அந்தக் கிணறுகளில் ஊறியிருப்பது எனக்கு அப்போது தெரியாது. திருப்பத்தூர்ப் பக்கம் நன்றாக விளைந்த நாட்டு நெல்லை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பயிர் நுனி கருகிச் செத்தது. அவள் வீட்டுக்காரரின் அண்ணன் நிலத்தை பிளாட் போட்டு விற்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த நெல்லைக் காட்டித்தான் அவள் அவரிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டிருந்தாளாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கிணற்றில் இறைத்து டம்ளரை நீட்டினாள். "குடி சார்." ஒரு வாய், துப்பிவிட்டேன்.

"உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சொல்வாங்க. இங்க தின்னவன் எவனோ, குடிக்கிறவ நானு."

நல்ல பேச்சு கேட்டால் எழுதிக்கொள்வது என் பழக்கம். நோட்டை எடுத்தவன், வெட்கப்பட்டு மறுபடி பையில் வைத்தேன்.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பேன்; பேச்சு அப்புறம். அவள் நிலத்தில் வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடியவிட்டோம். உவரிலும் நிற்கிற தக்கைப்பூண்டுச் செடியை விதைத்து, பூக்கும் சமயம் தழையுரமாக மடக்கி உழுதோம். அண்ணன்காரர் வரப்பில் நின்று, "இன்னாம்மா, தழையத்தான் பொங்கித் திங்கப் போறீங்களா?" என்றார்.

"நெலம் திங்கட்டும் மாமா. அதுக்கு வயிறு காஞ்சு ஜாஸ்தி நாளாச்சு."

இரண்டு வருஷம் நிலம்தான் தின்றது. அந்த இரண்டு வருஷமும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவள் இன்னொரு முறை என்னை நம்பியிருந்தாள். மூன்றாம் வருஷம் கேழ்வரகு போட்டாள். கிழக்கு மூலை வெளுத்தபடியேதான் கிடந்தது; மற்ற இடத்தில் கதிர் தலை சாய்த்தது. அண்ணன்காரர் ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டு மென்றார். பிளாட் பேச்சு அதோடு நின்றது.

போன மாதம் போயிருந்தேன். அக்கா கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். கிணறு இன்னும் கரிக்கிறது, முன்னைக்குக் கொஞ்சம் கம்மி. கிழக்கு மூலை இன்னும் வெளுப்புதான். அங்கே தக்கைப்பூண்டு இடுப்புயரம் நிற்கிறது. அதே நசுங்கின டம்ளரில் அவள் நிலத்துக் கேழ்வரகுக் கூழ். குடித்தேன். சப்பென்று இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தபோது அவளே கேட்டாள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு:

"உப்பு போடல சார். நீதான் நிறுத்தச் சொன்னியே?"