மூன்று டெஸ்க்டாப்புகளும் பாணேர் வீட்டின் வரைபடமும்

கல்லூரி லேபில் பழகி, வேலைக்கு வந்ததும் கைவிட்ட லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஏழெட்டு வருடம் கழித்துத் திரும்பினேன். லேப்டாப்பில் வைரஸ் புகுந்து இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்த எரிச்சல்தான் காரணம். ஆசை அடங்காமல் அந்த ஒரே லேப்டாப்பில் மூன்று டெஸ்க்டாப்புகளை, அதாவது மூன்று விதமான திரைகளை, ஏற்றி வைத்தேன். உள்ளே இருக்கும் கோப்புகள் ஒன்றேதான். திரையின் தோற்றமும் மெனுவும் மட்டும் மாறும். கடைசியாக எதில் நுழைந்தோமோ, அடுத்த முறை அதுவே வந்து நிற்கும்.

அப்போது நாங்கள் போபோடியில் மாமனார் வீட்டில் இருந்தோம். மாமியார் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மாமனார் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தேன். நான் வழக்கமாகப் பயன்படுத்தும் டெஸ்க்டாப் வரவில்லை, இரண்டாவது வந்தது. வியாழக்கிழமை மூன்றாவது.

பாஸ்வேர்ட் எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும்.

"லேப்டாப்பை எடுத்தீங்களா?"

"பேங்க்ல நாள் பூரா கம்ப்யூட்டர்தான். வீட்டுக்கு வந்துமா?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அவர் குளிக்கப் போனபோது அவருடைய மொபைலை எடுத்துக் குறுஞ்செய்திகளைப் பார்த்தேன். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. அழித்திருப்பார் என்று நினைத்தேன்.

யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு. அடித்துப் பார்த்தேன். இரண்டு நாளும் காலை பதினொன்றரை மணி. நான் ஆபீசில் இருக்க, மாமனார் காய்கறி வாங்க மார்க்கெட் போகும் நேரம் அது. அந்த நேரத்தில் இவர் பேங்கிலிருந்து கிளம்பி வீட்டுக்கு வருகிறாரா? தனியாகவா?

அடுத்த செவ்வாய் அரைநாள் லீவு போட்டு, பதினொன்றே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். லேப்டாப் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். திரையில் பாணேரில் நாங்கள் பார்த்து வைத்திருந்த ஃப்ளாட்டின் வரைபடம். ஃப்ளாட் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கி போன்ல அவனுக்கு பாஸ்வேர்ட் சொன்னியே, காதுல வுழுந்துச்சும்மா."

"எதுக்கு மாமா இப்படி?"

"ரெண்டு பேரும் பாணேர் பாணேர்னு குசுகுசுன்னு பேசுறீங்க. நான் வந்தா நிறுத்திடுறீங்க. இதுல வேற மூணு ஸ்கிரீன் வெச்சிருக்க. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ஒளிச்சிருப்பேன்னு நெனச்சேன். மூணுலயும் போயிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் ரெண்டே கோலிதான் இருக்கு."

அறையை அவர் எப்போதும் மராத்தியில் 'கோலி' என்றுதான் சொல்வார்.

"ரெண்டாவது உங்களுக்குத்தான் மாமா."

"ஸ்டடின்னு போட்டிருக்கே. நான் இன்னாம்மா படிக்கப் போறேன்?"

நாங்கள் அவரைப் போபோடியிலேயே விட்டுவிட்டுப் போவதாகத்தான் பேசி வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மொபைலைப் பார்த்ததையும் சேர்த்து. அப்பா செய்ததைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. "என்னையா சந்தேகப்பட்ட?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஃப்ளாட்டை விட்டுவிட்டோம். ஒரு வருடம் கழித்து பாணேரிலேயே சற்றுத் தள்ளி, மூன்று அறை உள்ளதாகப் பார்த்து மூவருமாகக் குடிபோனோம். வாங்குவதற்கு முன் மாமனாரையும் கூட்டிப் போனோம். அவர் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தார்.

அங்கே போனதும் லேப்டாப்பில் அவருக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். பெரிய எழுத்து இருந்த டெஸ்க்டாப்பையே எடுத்துக்கொண்டார். முதலில் கேட்டது, பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்பதைத்தான். சொல்லிக் கொடுத்தேன்.

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பும்மா," என்று இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார்.