ஒன்பது நிமிடம் மீதி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்தவன். ஆனால் இது என் கடையில், என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது.

பக்கத்துத் தெருவில் பெயர்ப்பலகை செய்பவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் போர்டு அண்ணன். அவருடைய ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் இருபது வருஷத்துக்கு முந்தைய விண்டோஸில்தான் ஓடும். புதுசு போட்டால் முரண்டு பிடிக்கும். அவர் டைப் செய்வதே ஒரு கூத்து. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். எதை அடித்தாலும் கடைசியில் இரண்டு புள்ளி. "ஒண்ணு வெச்சா தனியா இருக்கும்டா, பாவம்" என்பார்.

அன்று அவர் மனைவி அந்தக் கம்ப்யூட்டரோடு வந்தார். அண்ணன் நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு தம்பி. அவர் கண்ணு முழிச்சதும் மெஷின் ஓடுதான்னுதான் கேப்பார். ஓடுதுன்னு சொல்லணும் எனக்கு."

"சாயங்காலம் ரெடியா இருக்கும்க்கா. நீங்க அவர்கிட்ட போங்க."

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சீல் பிரிக்காத புது எஸ்எஸ்டியை மாட்டினேன். பழைய விண்டோஸுக்குப் புது டிஸ்க்கை அடையாளமே தெரியாது. அதற்கான டிரைவர் மென்பொருளைச் சேர்த்து, ஒருவழியாக இன்ஸ்டால் ஆரம்பித்தபோது மணி 3:41. மீதி 39 நிமிடம் என்றது திரை.

33-இல் நின்று பெயர் கேட்டது. கீபோர்டு வேலை செய்யவில்லை. பழைய விண்டோஸுக்குப் புது யுஎஸ்பியும் புரியாது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, பின்னறையில் துழாவி ஒரு பழைய கீபோர்டைக் கண்டுபிடித்துத் திரும்பினேன். மணி 4:06.

டக்...

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது. சத்தமே வராது.

கையிலிருந்த கீபோர்டைப் பார்த்தேன். வயர் எதிலும் மாட்டாமல் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

டக்... ... டக்...

பெயர்க் கட்டத்தில் எழுத்துகள். ஒவ்வொன்றாக. தேடித் தேடி.

அண்ணனின் பெயர்.

கடைசியில் இரண்டு புள்ளி.

திரை தானாக அடுத்த கட்டத்துக்குப் போனது. புது டிஸ்க்கின் வேகத்தில் நிமிடங்கள் தாவின. மீதி 30... 21... 14... சத்தம் நிற்கவில்லை.

மணி 4:11. மீதி 9.

டக் டக் டக்...

எது கைமீறிப் போனாலும் பிளக்கைப் பிடுங்கு. எங்கள் தொழிலில் கடைசி வைத்தியம் அதுதான்.

பிடுங்கினேன்.

அரை மணி நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி... அண்ணன் போயிட்டார்."

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"நாலு மணி தாண்டி விரல் ஆட ஆரம்பிச்சுது தம்பி. ஆள்காட்டி விரல் மட்டும். பெட்ஷீட்டைத் தட்டித் தட்டி... முழிச்சுக்குவார்னு நர்ஸே சொன்னாங்க. நாலு பதினொண்ணுக்கு சட்டுனு நின்னுடுச்சு."



அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. பாதியில் கரண்ட் போனால், மறுபடி ஆன் செய்யும்போது அந்தப் பழைய விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆன் செய்யத்தான் தைரியம் வரவில்லை.