நிமிடத்துக்கொரு முறை ஈரம்

சின்னமனூரை அடுத்த எங்கள் கூட்டுக்கிணற்றில் மூன்று குடும்பங்களுக்குப் பங்குண்டு. அவரவர் முறைநாளில் பொழுது சாயும்வரை இறைத்துக்கொள்ளலாம். தவறவிட்ட முறை தவறியதுதான். அடுத்தவர் நாளில் அதை ஈடுகட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மோட்டாரைத் தானே இயக்கும் பெட்டியை அங்கே பொருத்தச் சொன்னவன் நான். மண்ணின் ஈரத்தை அறிந்து, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து உத்தரவு பெற்று அது இயங்கும். கையேடுகளைப் படித்தே மின்வேலை கற்றவன் என்ற செருக்கு, கேள்வி கேட்கவிடாமல் என் வாயை அடைத்திருந்தது.

ஆயுதபூஜையன்று அப்பெட்டியின் பேட்டரிக்கு மின்னூட்டும் சூரியத்தகட்டுக்கு நானே மூன்று பட்டை சந்தனம் பூசிப் பொட்டும் வைத்தேன். மறுவாரம் முழுதும் மேகமலைப் பக்கம் மேகம் கட்டி நின்றது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அண்ணன் மறைந்தபின் தனியாக வாழை பயிரிடும் என் மதினிக்கு அப்போது முறை வந்தது. வாழை குலை தள்ளியிருந்தது. ஆண்டிபட்டியில் தங்கை வீட்டுத் திருமணத்திற்குச் சென்ற அவர், தண்ணீர்ப் பொறுப்பை என்னிடம் விட்டார். கைபேசியில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்றிருந்தது. பகலெல்லாம் அந்த எழுத்தையே பார்த்தபடி வீட்டில் அமர்ந்திருந்தேன். காலையிலேயே பேட்டரி தீர்ந்து, பெட்டி அணைந்து, மோட்டாரும் நின்றிருந்தது. அது கடைசியாக அனுப்பிய செய்தியே கைபேசியில் தங்கியிருந்தது.

மறுநாள் மதினி காய்ந்த வாய்க்காலில் நின்று கேட்டார்.

“கொழுந்தனாரே, ஓடுதுன்னுதான சொன்னீக? தண்ணி எங்கன ஓடுச்சு, போனுக்குள்ளயா?”

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைத்தேன்.

நிறுவனத்திலிருந்து வந்தவர் சந்தனத்தைக் கண்டு சிரித்தார். “பேனல்ல இப்பிடி அப்புனா சார்ஜ் எப்படிய்யா ஏறும்? சாமி வந்து ஏத்துமா?”

குற்றம் என்னுடையதே; சந்தனத்தைத் துடைத்தெடுத்தேன். ஆயினும் பெட்டியின் பதிவைத் திறந்து காட்டச் சொன்னேன். நிமிடத்துக்கொரு முறை, மாறாத ஒரே ஈர அளவை அது மேலே நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தது. கைபேசிக் கோபுர இணைப்பு கிடைக்காதபோது திரும்பத் திரும்பக் கூவியே மீதி மின்சாரத்தையும் கரைத்திருந்தது.

“மண்ணு நிமிசத்துக்கொருக்கவா காயுது? எதுக்கு இம்புட்டு?”

“அது ஒங்களுக்கில்லய்யா, எங்களுக்கு. எல்லாத் தோட்டத்து டேட்டாவும் சேந்தாத்தான் கம்பெனிக்கு மதிப்பு.”

கூச்சமே இன்றி அதைச் சொன்னார். எச்சில் இலையைப் பந்தியிலேயே வழித்து உண்பவரைக் கண்டதுபோல் அருவருத்தேன். எங்கள் பேட்டரி தீர்ந்தது அவர்களுடைய பசிக்கு.

“அரைமணிக்கொருக்க ஈரத்தப் பாக்கட்டும். மோட்டாரப் போடுறதா வேணாமான்னு பெட்டியே இங்கன முடிவெடுக்கட்டும். ஏதாச்சும் மாறுனா மட்டும் மேல சொல்லட்டும். முடியாதுன்னா கழட்டிட்டுப் போங்க.”

முடியாததல்ல. கால்மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். தொடக்கத்திலேயே அதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு மேலும் கசந்தது.

அடுத்த முறை என்னுடையது. அதை மதினிக்கு விட்டேன். வானம் அன்றும் மூடியிருந்தது. கோபுர இணைப்பும் இல்லை. பெட்டி யாரையும் கேளாமல் மோட்டாரை இயக்கியது. மதினி கைபேசியைத் தொடவில்லை. வரப்போடு நடந்து தண்ணீருக்கு முன்னேயே சென்றார்.

“கடைசி வரிசைக்கு வந்துருச்சு,” என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். அந்த வரிசையில் இரண்டு மரங்கள் தண்ணீரின்றிக் குலையோடு மடிந்து கிடந்தன. அவற்றுக்கும் வாய்க்காலை வெட்டிவிட்டார்.