கல்கத்தாவிலிருந்து ரெண்டு மணி நேரம்

என் அப்பா இருபது வருஷம் நாமக்கல்லிலிருந்து கல்கத்தாவுக்கு லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் மைல் கணக்கே கிடையாது. கல்கத்தா என்றால் ஆறு நாள், அவ்வளவுதான். கிளம்பும் நாளை மட்டும் தந்தியில் சொல்வார். வந்து சேரும் நாளை அவரும் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். அது ரோட்டைப் பொறுத்தது.

அதே கல்கத்தாவில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். தலைவலி என்று நான் எழுதினால்கூட, போய்ச் சேர ஆறு நாள் ஆகுமே என்று அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதாக அம்மா பதில் எழுதுவாள்.

எழுபதுகளின் கடைசியில் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூறைப்புடவைக் கூடையோடு நிற்க, அவளையும் மாப்பிள்ளையையும் ஒரே துணியால் இணைப்பார்கள். தம்பிக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்தே அதற்காகக் காத்திருந்தவள் நான்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் அலைந்து திரிந்து பிளேன் டிக்கெட் வாங்கிவந்தார். மெட்ராசுக்கு ரெண்டே மணி நேரம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய் காலை பிளேனில் கிளம்புவதாகத் தந்தி அடித்தேன். லாரிக்காரர் மகள் அல்லவா, வந்து சேரும் நாளை எழுதவே தோன்றவில்லை.

தந்தியைப் பார்த்து அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். என்ன வேகமாகப் போனாலும் இஞ்சின் ஆற வேண்டும், டிரைவர் டீ குடிக்க வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும், செக்போஸ்ட் வேறு இருக்கும். எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமைதான். இணைச்சீரோ புதன்கிழமை. எனக்குப் பதிலாகக் கூடை பிடிக்க வாழப்பாடியிலிருந்து சித்தப்பா மகளை வரவழைத்துவிட்டார்.

மெட்ராசில் இறங்கியதும் சாயங்கால பஸ் பிடித்து, சேலத்தில் மாறி, இடுப்பு ஒடிந்து புதன் காலை வீட்டுக்குள் நுழைந்தேன். எனக்கென்று எடுத்த பட்டைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள் சித்தப்பா மகள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெட்டியைத் தொப்பென்று போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சேலையை என் கையில் திணித்தாள்.

பந்தலில் நின்ற அப்பா ஓடிவந்தார். "பாதி வழில எறங்கி வேற வண்டி புடிச்சியா சாமி?" என்றார். பிளேன் வழியில் எங்கும் நிற்காது என்றேன். அவர் நம்பவில்லை.

சாயங்காலம் கூடையைப் பிடித்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றேன். அவன் குறும்பாக அந்தத் துணியை இழுத்துக்கொண்டே இருந்தான். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பந்தியில் எனக்கும் சித்தப்பா மகளுக்கும் பக்கத்து இலை. அப்பா எதிரே வந்து நின்றார்.

"நெசமாவே ரெண்டு மணி நேரந்தானா?"

"ஆமாங்கப்பா."

வாழப்பாடியிலிருந்து வர எத்தனை நேரம் ஆயிற்று என்று அவளிடம் கேட்டார். ரெண்டு பஸ் மாறி மூணு மணி நேரம் என்றாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உன்னையப் பக்கத்துலதான் சாமி கட்டிக் குடுத்திருக்கறேன்" என்றவர், என் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் இலை போடச் சொன்னார்.