சுவிட்சை அணைத்த கை

இருபத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டியவன் நான். முதுகு வலி முற்றியதும் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மவுஸைப் பிடித்தே கை மரத்துப்போகும். ஒரு ஃபைலை இரண்டு தட்டு தட்டித் திறக்கப் பழகவே ஒரு வாரம் ஆனது.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கும், பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் மேரிக்கும் பொது. ஒரு நாள் காலையிலிருந்து அவள் அதில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் டைப் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். ஷிப்ட் முடிந்த மணி அடித்தது. லேத்தில் மணி அடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். அசதியில் என் கை தானாகப் போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தது.

மேரியும் மேனேஜரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

"சரக்கு ஏத்திட்டு லாரி நிக்குது, கூட அனுப்ப ரிப்போர்ட் எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

சுவிட்சின் மேலேயே இருந்த என் கையை மேரி ஒரு நொடி பார்த்தாள்.

"சேவ் பண்ணாம ஆஃப் பண்ட்டேன் சார். என் தப்புதான்."

மேனேஜர் அவளை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். மேரி கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள்.

"அண்ணா, இத லேத்து மாரி நிறுத்தக்கூடாது. இங்க பாருங்க" என்று ஷட் டவுன் செய்யும் இடத்தைக் காட்டினாள். பிறகு முதல் வரியிலிருந்து டைப் செய்ய ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் ஷட் டவுன் கொடுத்து, திரை கறுப்பாகும்வரை காத்திருந்துதான் சுவிட்சைத் தொடுகிறேன். கறுத்த திரையில் என் முகம் தெரிகிறது. மேனேஜர் அறை எதிரில்தான் இருக்கிறது. அன்று அணைத்தது நான்தான் என்று இன்னும் போய்ச் சொல்லவில்லை.