சன்னாசி மாமா சுவரில் மாட்டிய பேச்சு

இந்த நேரத்தில் உங்கள் கைப்பேசி ஒலித்து எழுப்பியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இனியா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எட்டு மாதக் குழந்தை. மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மாமனார் சன்னாசி அவர்களின் பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மடல் எழுதச் சொன்னார் என் கணவர் குமரன். அச்சுக்குப் போவதற்கு முன்பே நம் தோட்டத்து லைன் வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்று இனியாவுக்குத் தடுப்பூசி போட பிரிஞ்சாங் கிளினிக்கில் இருந்தேன். காய்ச்சல் வருமா, வந்தால் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று தாதியை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது குமரன் அழைத்தார்.

"அப்பா போயிட்டாரு."

"எங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோலா தெர்லாவில் தன் தங்கையின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் போயிருந்த மாமா, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒரு கூடையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கோப்பையை வாங்க வந்தவர்கள் கூப்பிட்டபோது உயிர் இல்லை.

மலையிலிருந்து தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி வந்த லோரி ஓட்டுநராகத்தான் எங்கள் தோட்டத்தில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் வந்தவர்களுக்கு வேறொரு மனிதரைத் தெரியும். மற்ற வீட்டுச் சுவர்களில் காலண்டரும் கல்யாணப் படமும் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் வாசகங்கள் இருந்தன. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, மரச்சட்டம், கண்ணாடி. முன்னறையில் நுழைந்ததும் எதிரே, "மழை விடும். அதுவரைக்கும் தேத்தண்ணி போடு." அதன் கீழே, கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணியைப் பற்றி, "கிராணி கத்தினால் கத்தட்டும். தராசு கத்தாது." ஜன்னலுக்குப் பக்கத்தில், "புது ரோடு வரும் என்று சொல்ல வந்தவர்கள் பழைய ரோட்டில்தான் வந்தார்கள்."

நான் ஈப்போவில் வளர்ந்து, கல்லூரியில் படித்து, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பெரியவர்களின் பொன்மொழிகளை மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புதிது. வந்த இரண்டாம் நாளே, "இதெல்லாம் யார் சொன்னது மாமா?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்க சொன்னதும்மா. பெரியவங்க சொன்னதெல்லாம் புஸ்தகத்துல பத்திரமா இருக்கு. நம்ம ஆளு சொன்னது எங்க இருக்கு?"

"பேர் போடலையே?"

"பேர் போட்டா அடுத்த தடவை என் முன்னாடி வாயத் தொறக்க மாட்டாங்க."

காதில் விழுந்ததைச் சட்டைப்பையில் இருக்கும் ஏதாவது ஒரு தாளில் கிறுக்கிக்கொள்வார். டவுனுக்குப் போகும் நாளில் பிரிஞ்சாங்கில் ஒரு படக்கடையில் கொடுத்து அச்சடித்துச் சட்டம் போட்டு வாங்கி வருவார். கடைக்காரர் சீனர்; தமிழ்ப் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து தெரியாது; மாமா எழுதிக் கொடுப்பதை அப்படியே படமெடுத்து அச்சடிப்பார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். "அங்கிள், இது என்ன மந்திரம்? எப்பவும் வாங்குது," என்று கேட்டார்.

"மந்திரம் இல்லலா. பக்கத்து வீட்டுப் பொம்பள புருஷன ஏசினது."

கடைக்காரர் சிரித்துவிட்டுக் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துக் கொடுத்தார்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு தப்பு செய்தேன். மாமாவின் சட்டையைப் பையைப் பார்க்காமல் துவைத்துவிட்டேன். உள்ளே இருந்த தாள் கூழாகிவிட்டது. அவர் வெறும் பையைத் தடவிப் பார்த்தபடி நின்றார். நான் அழுதுகொண்டே என்னவோ சொன்னேன். ஒரு மாதம் கழித்து, அடுப்படி வாசலுக்கு மேல் புதிதாக ஒரு சட்டம் ஏறியது: "கேட்டால்தானே தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. கேட்காமல் துவைத்தவளுக்கு வைத்த குட்டு என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் அதன் கீழேதான் நடந்து சமைத்தேன். ஒருநாளும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பிறகு இனியா பிறந்தாள். உள்ளறையில் தொட்டில் கட்டினோம். அதற்கு நேர் மேலே வீட்டிலேயே பழைய சட்டம் இருந்தது. மரம் கறுத்து, தாள் பழுத்திருந்தது. "குழந்தை தூங்கட்டும். சோறு ஆறினால் ஆறட்டும்." எழுத்தை நான் பார்க்கவில்லை. ஆணியைத்தான் பார்த்தேன்.

"விழுந்துட்டா மாமா?"

"குமரன் தொட்டில்ல கெடந்த நாள்லேருந்து அங்கதாம்மா இருக்கு. விழுந்ததில்ல."

"இல்ல மாமா, விழுந்துட்டா?"

என் முகத்தைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். "பயமா இருந்தா கழட்டிரலாம் தாயி. எழுத்துக்குக் கோவம் வராது." சட்டத்தைத் தன் துண்டில் துடைத்து, அதே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்து, "அது எங்க மாமா?" என்று கேட்டேன். "ஒரு வீட்டுல கொடுத்துட்டேம்மா. கைக்குழந்தைக்காரி. புள்ள தூங்கவே மாட்டேங்குதாம், ஒருவேள சோறு சூடா தின்ன முடியலன்னு அழுதுச்சு. அங்க இருக்கட்டும்," என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

மாமாவின் உடல் வீட்டுக்கு வந்த அன்று, கோலா தெர்லாவிலிருந்து கூடவே வந்த அவருடைய தங்கை பாக்கியம் அத்தை முதல் வேலையாகச் சுவரில் இருந்த அத்தனையையும் திருப்பி மாட்டிவிட்டார். சாவு வீட்டில் சாமி படங்களைத் திருப்பி வைப்பது நம் வழக்கம். அத்தை வாசகங்களையும் விடவில்லை.

"அத்தை, இது சாமி படம் இல்ல. சும்மா எழுத்து," என்றார் குமரன்.

"கண்ணாடி போட்டதெல்லாம் திருப்பணும்னு எங்கம்மா சொல்லும். எனக்கென்ன படிக்கவா தெரியும்? பதினாறு கழிச்சுத் திருப்பிக்கடா."

அன்றிரவு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தோம். ஒவ்வொரு சட்டத்தின் முதுகிலும் பென்சிலால் மாமா எழுதியிருந்தார். வலப்பக்கம் சாயும் அவருடைய எழுத்து. "பரமு. மூன்றாம் நாள் மழையில்." "முனியம்மா. நிறுக்கும் இடத்தில்." சொன்னவர் பெயரை முன்னால் மறைத்தவர், பின்னால் ஒருவரையும் விடவில்லை.

அடுப்படிக்குப் போய் அந்தச் சட்டத்தைப் படித்தேன். "என் மருமகள். சட்டை துவைத்த அன்று. தப்பு என்மேல்."

அழுகையில் நான் சொன்னது அதுதானாம். "நீங்க சொல்லவும் இல்ல, எனக்குக் கேக்கணும்னும் தெரியல. கேட்டாதானே தெரியும்" என்று. அன்று பக்கத்தில் இருந்த குமரனுக்கு நினைவிருந்தது, எனக்கு இல்லை. என்னை ஏசுவதாக நினைத்து நான் மனத்தாங்கலோடு கடந்துபோன வாசகம், என் பேச்சுக்கு அவர் கொடுத்த இடம்.

குமரன் ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அம்மா பேரு இல்ல," என்றார்.

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. குமரனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது போய்விட்டார்கள். "அம்மா மொகம் போட்டோல இருக்கு. பேசினது ஒரு வார்த்தகூட எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். பாக்கியம் அத்தை படுத்திருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "ஊரு பேசினதெல்லாம் மாட்டின அண்ணன் அண்ணி பேசினத விட்டிருக்குமா? தேடுடா, இருக்கும்."

இருந்தது. குமரன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தொட்டிலுக்கு மேல் இருந்த அந்தச் சட்டம்தான் அது என்று நினைக்கிறேன். நான்தான் கழற்றச் சொன்னேன். இது என் மனைவி சொன்னது, எடுக்க மாட்டேன் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். அவர் என் பயத்தைத்தான் பெரிதாக நினைத்தார்.

இப்போது தொட்டிலுக்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. முன்னறைச் சுவர் முழுக்கப் பென்சில் பெயர்களோடு முதுகு காட்டி நிற்கிறது. மாமா, உங்கள் சுவரைப் பதினாறாம் நாள் உங்கள் மகன் கையால் திருப்பி வைப்போம். நிம்மதியாகப் போங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் வீட்டில்தான் அந்தப் பழைய சட்டம் இருக்கிறது. நம் லைனிலோ, வேறு ஊருக்கு மாறிப் போன வீட்டிலோ, எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும், அதனால் கேட்கிறேன். அதைத் திருப்பித் தர வேண்டாம். மாமா கொடுத்தது உங்களிடமே இருக்கட்டும், உங்கள் குழந்தையும் தூங்கட்டும். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பதினாறுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.