அம்மா ஓட்டிய மட்டை மிஷின்

எங்கள் குப்பத்தில் படகு ஓட்டத் தெரியாத ஆம்பளை கிடையாது. மிஷின் ஓட்டத் தெரிந்த பொம்பளை ஒருத்திதான் இருந்தாள். அவள் என் அம்மா. இதைப் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருப்பாலைவனம் போகிற சாலையோரம், பழவேற்காட்டு முதலாளி பாய் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் அங்கே கூலிக்கு மட்டை பொறுக்கினார்கள். காய்ந்த மட்டையும் வேலியோரச் சவுக்கு மரங்களின் சுள்ளியும் மலையாகக் குவிந்து, அடியில் பாம்பு குடித்தனம் நடத்தும். பாய் யோசித்து, மாட்டுத் தீவனம் வெட்டுகிற மிஷினையே பெரிதாக்கி, டீசல் என்ஜினோடு பட்டறையில் செய்து கொண்டுவந்து இறக்கினார். ஒரு பக்கம் வாயில் மட்டையை விட்டால், உள்ளே கத்தி பூட்டிய சக்கரம் சுற்றும்; மறுபக்கம் தூளாகக் கொட்டும். தூளை மரத்தடியில் பரப்பினால் மணலில் ஈரம் நிற்கும்.

முதலில் அதை ஓட்டியது என் சித்தப்பாதான். கழுத்தில் துண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, பீடியோடு மிஷின் வாய்க்கு நேராக நின்று, சிக்கிய மட்டையைக் காலால் உதைத்து உள்ளே தள்ளுவார். பார்க்கச் சினிமா மாதிரி இருக்கும். ஒருநாள் உள்ளே போன மட்டை துள்ளி எகிறி அவர் முழங்காலில் வைத்தது ஒரு போடு. மறுநாளிலிருந்து அவருக்குக் காய்ச்சல். மிஷினை விற்கும்வரை அந்தக் காய்ச்சல் விடவில்லை.

“நான் ஓட்றேன் பாய்,” என்றாள் அம்மா.

பாய் மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆளும் இல்லை.

அம்மா ஓட்டிய விதத்தில் சினிமா எதுவும் கிடையாது. மிஷினைச் சுற்றி மரத்துக்கு மரம் கிழிந்த வலையைக் கட்டினாள். அதைத் தாண்டி யாரும் உள்ளே வரக்கூடாது, நான் உட்பட. மட்டையை ஒவ்வொன்றாகத் தட்டி, ஆணி, கம்பி, கல் இருக்கிறதா என்று பார்ப்பாள். வாய்க்கு நேராக நிற்காமல், என்ஜினை நிறுத்துகிற பிடி கைக்கு எட்டும்படி பக்கவாட்டில் நிற்பாள். சிக்கினால் கையும் போகாது, காலும் போகாது; நீளமான கழி ஒன்றுதான் போகும். அதற்கும் அடங்காவிட்டால் என்ஜினை நிறுத்தி, சக்கரம் அசையாமல் நின்ற பிறகே கிட்டே போவாள்.

இதெல்லாம் ஊருக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வளையல்தான். வேலை தொடங்குமுன் கொண்டையை இறுக்கி, முந்தானையை இழுத்துச் செருகி, தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டு, கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் மடியில் வைத்துவிடுவாள். மீனுக்குப் போனவனின் பெண்சாதி வெறுங்கையோடு நிற்பதா என்று குப்பமே பேசியது. எல்லாரையும்விட அதிகம் பேசியது பெரியம்மா.

“புருஷன் தண்ணி மேல கீறப்போ வளையலக் கழட்டறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?”

“சுத்தற மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. எதுனா மாட்டிக்கினா கையோட இழுத்துக்கும்.”

என் அப்பா நைனாவிடமும் புகார் போனது. அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வளையல் உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். கை போனா எங்க வாங்கறது?” என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் வாடைக் காற்று திடீரென்று பிடித்துக்கொண்டது. ஏரிக்குப் போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நைனாவின் படகு மட்டும் வரவில்லை. கரையில் சேதி கேட்ட பெரியம்மா தோப்புக்கு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் என் மடியிலிருந்த வளையல்களை அள்ளிக்கொண்டு, வலையைத் தூக்கி உள்ளே நுழைந்தாள்.

“போட்றீ முதல்ல! அவன் இன்னும் வரல!”

மிஷின் சத்தத்தில் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா நெருங்கிப் போய்க் கையை நீட்டினாள். காற்று அவள் முந்தானையைத் தூக்கி, உள்ளே போய்க்கொண்டிருந்த மட்டையின் மேல் போட்டது.

மட்டையோடு சேலையும் போனது. பெரியம்மா ஒரு சுற்றுச் சுற்றி மிஷின் பக்கம் சாய்ந்தாள். நான் கத்தினேனா என்று நினைவில்லை. அம்மா அவளைப் பிடித்து இழுக்கவில்லை. திரும்பி, என்ஜின் பிடியை இழுத்து நிறுத்தினாள். ஆனால் சக்கரம் உடனே நிற்குமா? அது தன் வேகத்தில் சேலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

“சேலைய விடுக்கா! உட்டுடு!”

விடவில்லை பெரியம்மா. தோப்பு முழுக்க ஆம்பளைகள். மானம் போகுமே என்று இரண்டு கையாலும் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, சேலையோடு தானும் போய்க்கொண்டிருந்தாள். அம்மா மட்டை அரிகிற அரிவாளை எடுத்து, விறைத்து நின்ற சேலையில் ஒரே வீச்சு. பெரியம்மா மல்லாக்க விழுந்தாள். துணியின் மிச்சம் உள்ளே போனது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். “யாரும் கிட்ட வராதீங்க! இன்னும் சுத்துது!” என்ற அம்மாவின் குரலுக்கு அத்தனை பேரும் வலைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள், பாய்கூட. சக்கரம் நின்றது. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அம்மா உள்ளே சிக்கிய துணியைக் கழியால் நெம்பி எடுத்தாள். பாய் தன் தோள் சால்வையைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார்.

நைனா பொழுது சாய வந்து சேர்ந்தார். காற்றுக்குப் பயந்து வேறொரு குப்பத்துக் கரையில் படகை ஏற்றிவிட்டு, அங்கே யார் வீட்டிலோ இறால் குழம்போடு சாப்பிட்டும் விட்டிருந்தார். பெரியம்மா அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு வளையலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வலை தாண்டி யாராவது காலெடுத்து வைத்தால் பெரியம்மாதான் முதலில் கத்துவாள்.

சேலை சிக்கியதற்கு மறுநாள் காலையில் நானும் அம்மாவும் தோப்புக்கு நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவை நிறுத்திப் பேசினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, “எங்கம்மாவுக்கு பயமே கெடையாது” என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். தோப்பு நெருங்க நெருங்க அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். விரல் வலித்தது, அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. ராத்திரி பெய்த மழை ஈரத்தில் நான் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.